சுருட்டை முடியும் மதுரையும் - ஒரு சின்ன வரலாறு

எங்கள் வீடு மதுரை காளவாசலில் இருக்கிறது. காளவாசல் என்றால் ஏதோ பழைய கோட்டையின் வாசல் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளைக்குத்தான் காளவாசல், காளவாய் என்று பெயர். சூளை வாசலில் வளர்ந்தவளுக்கு முடி மட்டும் எப்படி ஒழுங்காகப் படியும் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள்.

ஆமாம், எனக்குச் சுருட்டை முடி. பள்ளியில் எனக்குப் பட்டப்பெயர் குருவிக்கூடு. எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, ரெட்டை ஜடை போட்டு, ரிப்பனால் இறுக்கிக் கட்டினாலும் பத்து மணிக்கெல்லாம் நெற்றியில் சுருள் எழுந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் சேர்த்து வைத்த பணத்தை எல்லாம் ஒரு அழகு நிலையத்தில் கொடுத்து முடியை நேராக்கிக்கொண்டேன். மூன்று மாதம் பட்டு மாதிரி இருந்தது. ஆறாவது மாதம் நுனி எல்லாம் தேங்காய் நார். சீப்பு வைத்தால் பாதியில் ஒடிந்து கையோடு வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இருந்த முடியை இப்படி வறுத்து வச்சிருக்கியே" என்று சொன்னார். அன்று ராத்திரி அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. இந்த ஊரில் ரெண்டாயிரம் வருஷமாகப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குச் சுருட்டை முடி இருந்திருக்கும். அவர்கள் எல்லாம் என்ன செய்தார்கள்? தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கூந்தலுக்காக ஒரு வழக்கு

உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது அரச சபையில் கூந்தலைப் பற்றி வாதம் நடந்ததாகக் கதை உண்டா என்று தெரியவில்லை. மதுரையில் உண்டு. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவாலும் பூச்சாலும் வருவதா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தருமிக்குச் சிவன் பாட்டு எழுதிக் கொடுத்தார், நக்கீரர் குற்றம் சொன்னார், கடைசியில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் இந்தக் கதையை 1965ல் வந்த ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' படம் எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாகேஷின் தருமியை யாரால் மறக்க முடியும்!

அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இறையனார் பெயரில் இருக்கிறது. அதில் வழக்கும் இல்லை, சந்தேகமும் இல்லை. காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உனக்குத் தெரியுமா என்று ஒருவன் வண்டிடம் கேட்கிறான், அவ்வளவுதான். வழக்கு எல்லாம் பின்னால் சேர்ந்த கதை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பத்துப்பாட்டில் நக்கீரர் பெயரில் உள்ள நெடுநல்வாடையில் குளிர்காலப் பாண்டிய நாடு வருகிறது. அங்கே பெண்கள் குளிருக்குப் பயந்து கூந்தலில் கொஞ்சமாகத்தான் பூ வைக்கிறார்கள். தகரக் கட்டையில் நெருப்பு மூட்டி அகிலைப் போட்டுப் புகைக்கிறார்கள். கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது என்று கதையில் வாதாடிய நக்கீரர் பெயரிலேயே, மணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சியும் இருக்கிறது! (நக்கீரர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.)

ஐந்தில் ஒன்று சுருள்

சங்க இலக்கியத்தில் கூந்தலுக்கு ஏகப்பட்ட பெயர்கள் உண்டு. ஓதி, கதுப்பு, குழல், ஐம்பால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஐம்பால் என்பதற்கு ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். அந்த ஐந்து: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை.

சுருள் அதில் ஒன்று! நம் பழைய கணக்கில் சுருள் என்பது குறை இல்லை, ஒரு அழகு. இதைப் படித்த அன்றைக்குக் குருவிக்கூடு என்று கூப்பிட்ட எல்லாரையும் மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

முடியைப் பராமரித்ததற்கு மண்ணுக்கு அடியிலும் சாட்சி உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழடியில் கிடைத்த பொருட்களில் தந்தத்தால் செய்த சீப்பும் ஒன்று.

மாதவி தலை குளித்த விதம்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தலை குளிக்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறின நீரில் கூந்தலை அலசுகிறாள். பிறகு புகையில் உலர்த்துகிறாள். அதற்குப் பிறகு கூந்தலை வகை வகையாகப் பிரித்துக் கஸ்தூரிக் குழம்பு பூசுகிறாள்.

பத்துத் துவர் எவை என்று உரையில் ஒரு பட்டியல் வருகிறது. பூவந்தி, நெல்லி, கடுக்காய், தான்றி, கருங்காலி, நாவல், அப்புறம் ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கு பால்மரங்கள். பூவந்திதான் நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிற பூந்திக்கொட்டை. தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் நுரை வரும். மற்றவை பெரும்பாலும் துவர்ப்பு. அழுக்கு எடுக்க ஒன்று, முடியை இறுக்க ஒன்பது என்று எனக்குத் தோன்றியது. கூந்தலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூசுவது இருக்கிறதே, சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்றைக்கும் சொல்லித்தருகிற முதல் பாடம் அதுதான்.

முடியின் மேல் ஓட்டுக்கூரை

இப்போது கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு முடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் வெளிப்புறத்தில் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி. ஓடு நெருக்கமாகப் படிந்திருந்தால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. போனது சீக்கிரம் வெளியே வரவும் வராது. ஓடு தூக்கிக்கொண்டோ உடைந்தோ இருந்தால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகும், அதே வேகத்தில் வெளியேயும் போய்விடும். இந்தத் தன்மைக்குத்தான் நுண்துளைத்தன்மை என்று பெயர். முடி பரட்டையாகிறதா, பளபளக்கிறதா என்பதை இதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சுருட்டை முடியில் இரண்டு கூடுதல் சிக்கல். ஒன்று, தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போகும். சுருளில் ஒவ்வொரு வளைவாக ஏறி இறங்க வேண்டும், பாதியிலேயே நின்றுவிடும். இரண்டு, வளைவுகளில் செதில்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் தலை பிசுக்காகவும் நுனி வறட்டியாகவும் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். முடி வருடத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளரும். 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனிக்கு வயது நான்கு. நான்கு வருட வெயில், சீப்பு, சோப்பு எல்லாம் அந்த நுனி பார்த்திருக்கிறது. ஒரே முடியில் வேருக்கு ஒரு குணம், நுனிக்கு ஒரு குணம் என்பது இதனால்தான்.

உசிலம்பட்டி பஸ்ஸில் வந்த அரப்பு

காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் மேற்கே போனால் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, அப்புறம் உசிலம்பட்டி. உசிலை மரங்கள் நிறைந்த ஊர் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அந்த உசிலையின் இலையைக் காயவைத்துப் பொடித்தால் கிடைப்பதுதான் அரப்பு. அப்பத்தா ஒவ்வொரு முறை வரும்போதும் மஞ்சப் பையில் கொண்டு வந்து வைப்பார். நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் இருப்பது சபோனின் என்கிற நுரைப்பொருள். சோப்பு காரத்தன்மை உள்ளது, காரம் பட்டால் செதில் தூக்கிக்கொள்ளும். சீயக்காய் லேசான அமிலத்தன்மை உள்ளது, செதில் படிந்தே இருக்கும். மதுரையில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். சபோனின் அப்படித் திரிவதில்லை. சோறு வடித்த கஞ்சியில் சீயக்காயைக் குழைப்பதும் சும்மா இல்லை. கஞ்சியின் மாவுப்பொருள் முடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கு எடுக்க உதவும். வெந்தயத்தின், செம்பருத்தி இலையின் வழவழப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. சாம்பிராணிப் புகை மாதவி காலத்து அகில் புகையின் பேத்தி!

தேங்காய் எண்ணெய்க்கும் ஆதாரம் உண்டு. மும்பையைச் சேர்ந்த ரெலே, மொஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்கு உள்ளேயே போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். (அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கடலூரில் இருந்து வந்த பாக்கெட்

ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டுச் சொல்தான். பிடித்துவிடுவது என்ற பொருளுள்ள இந்திச் சொல்லிலிருந்து வந்தது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் குளியல் நிலையம் வைத்து அந்தச் சொல்லைப் பிரபலமாக்கினார். 1822ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அங்கே போன சொல் அர்த்தம் மாறித் திரவமாகத் திரும்பி வந்தது.

ரொம்ப நாள் ஷாம்பு பணக்காரர்கள் சமாச்சாரம்தான். அதை மாற்றியது கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். சின்னப் பாக்கெட்டில் போட்டால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாங்குவார்கள் என்பது அவர் யோசனை. அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் தனியாகப் பிரிந்து 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொடங்கினார். அதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளின் கதை இதுதான். ஷாம்புவைத் திட்ட எனக்கு மனம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடியற்காலையில் அரப்பு கரைக்க நேரம் ஏது?

நேராக்கும் ஆசை

1906ல் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் லண்டனில் ஒரு வித்தை காட்டினார். நேரான முடியில் காரப்பொருள் தடவி, உருளையில் சுற்றி, சூடேற்றிச் சுருளாக்கினார். அங்கே சுருளுக்காக முடியைச் சுட்டார்கள், நான் நேராக்குவதற்காகச் சுட்டேன். இல்லாததுக்கு ஏங்குவது எல்லா ஊருக்கும் பொதுதான் போல.

நிரந்தரமாக நேராக்கும்போது முடியின் உள்ளே உள்ள கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து வேறு மாதிரி கட்டுகிறார்கள். செதில் சேதமாகிறது, நுண்துளைத்தன்மை கூடுகிறது. கெரட்டின் சிகிச்சை என்று விற்கும் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயுவும் வரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முடி ஒரு முறை செத்துப்போன பொருள், ஆறிப்போக அது தோல் இல்லை. சேதமான பகுதியை வெட்டத்தான் வேண்டும்.

நான் செய்தது

ஒரு டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனை பிரபலம். அதை அவ்வளவாக நம்பாதீர்கள். முடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே மிதக்கும். அதைவிட எளிது, தலை குளிக்கும்போது கவனிப்பது. நனையவும் காயவும் ரொம்ப நேரம் எடுத்தால் செதில் இறுக்கம். அதற்குக் கனமான எண்ணெய் வேண்டாம், லேசாகச் சூடு காட்டிய எண்ணெயைக் கொஞ்சமாக வைத்தால் போதும். சட்டென்று நனைந்து சட்டென்று காய்ந்தால் செதில் திறந்திருக்கிறது. அதற்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய், குளித்த பின் வழவழப்பான பூச்சு இரண்டும் வேண்டும்.

நான் வாரத்துக்கு ஒரு நாள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன். மெல்லிய துணியில் சலித்த அரப்பைக் கஞ்சியில் குழைத்துத் தேய்க்கிறேன் (சலிக்காவிட்டால் பொடி சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும், கண்ணில் பட்டாலும் எரியும்). அவசர நாளில் ஷாம்புதான், தலைத்தோலுக்கு மட்டும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். ஈரமாக இருக்கும்போதே பகுதி பகுதியாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கு எடுப்பேன். காய்ந்த பிறகு சீப்பைத் தொடுவதே இல்லை.

நேராக்கிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க இரண்டு வருஷம் ஆனது. பாதி நேர், பாதி சுருள் என்று கண்றாவியாக இருந்த நாட்களும் உண்டு. போன பொங்கலுக்குக் கடைசித் துண்டையும் வெட்டினேன்.

இதே மதுரையில்தான் கண்ணகி விரித்த கூந்தலோடு பாண்டியன் முன் நின்றாள். அவளிடம் யாரும் முடியை அடக்கிக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. என் மாமா மகளுக்கு இப்போது ஏழு வயது, அவளுக்கும் சுருட்டைதான். சென்ற மாதம் வகுப்பில் யாரோ குருவிக்கூடு என்று சொன்னார்களாம், அழுதுகொண்டே வந்தாள். மடியில் உட்காரவைத்துச் சிக்கு எடுத்துக்கொண்டே ஐம்பால் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ என்னுது மூணாவது வகையாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம்டா, மூணாவது வகை.