அடித்தள மீன்கள்: வீட்டுத் தொட்டியில் நடத்தை மாற்றங்கள்

அடித்தள மீன்கள் என்பவை தொட்டியின் தரையை ஒட்டி வாழ்ந்து, மணலையும் கல்லிடுக்குகளையும் துழாவி இரை தேடுபவை. கெளுத்தி, அயிரை, ஆரால் ஆகியவையும் அவற்றின் உறவினங்களும் இதில் அடங்கும். கடைகளில் கோரிடோரஸ், க்ளவுன் லோச், ஜீப்ரா லோச், டேங்க் கிளீனர் அல்லது சக்கர் என்ற பெயர்களில் விற்கப்படுபவை இவையே. ஒருக்களித்துப் படுப்பது, மணலுக்குள் மறைவது, மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது எனப் பார்ப்பவரைத் திகைக்கவைக்கும் செயல்கள் இவற்றிடம் நிறைய உண்டு. அவற்றுள் சில பிறவி இயல்பு, சில நீர் கெட்டதன் அறிகுறி. மீந்த தீவனமும் எச்சமும் தரையில்தான் படிந்து அழுகுகின்றன என்பதால், அந்தக் கேட்டுக்கு மிக அருகில் வாழ்பவையும் இவையே.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் ஊரான, கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்திலுள்ள கெலமங்கலம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஓசூர் மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. இங்குள்ள குளிரையும் போர் தண்ணீரின் தன்மையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் தொட்டி மீன்களின் நடத்தையைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

இனங்களும் தாயகமும்

கோரிடோரஸ் வகைகள் தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிறு கெளுத்திகள். உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் கூரை ஓடுகள்போல் அடுக்கியிருக்கும். க்ளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகளைச் சேர்ந்தது. முப்பது சென்டிமீட்டர் வரை வளர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஜீப்ரா லோச் மேற்குத் தொடர்ச்சி மலை நீரோடைகளின் மீன். கர்நாடகத்தின் துங்கா ஆற்றில் கிடைத்ததை வைத்து, விலங்கியலாளர் நாராயண ராவ் 1920-ல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

தமிழருக்கு நன்கு தெரிந்த அடித்தள மீன் அயிரை. சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்ற பெயர் இது. இதன் அறிவியல் பெயரிலுள்ள 'தெர்மாலிஸ்' என்ற சொல் வெந்நீரைக் குறிக்கும். திருகோணமலை அருகே கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் வந்த பெயர் அது. க்ளவுன் லோச்சும் அயிரையும் ஒரே பெருங்கூட்டத்தின் கிளைகள். அயிரை ஏன் மணலில் புதைகிறது என்று தெரிந்தவருக்கு, லோச் ஏன் கல்லிடுக்கில் ஒடுங்குகிறது என்பதும் எளிதில் விளங்கும்.

இயல்பான செயல்கள்

*ஒருக்களித்துப் படுத்தல்.* க்ளவுன் லோச் தூங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து, சில நேரம் தலைகீழாகவும் கிடக்கும். செத்துவிட்டதென்று வலையில் அள்ளப்போனால் துள்ளி ஓடும்.

*காற்றை விழுங்குதல்.* கோரிடோரஸ் திடீரென மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே திரும்பும். அதன் குடலின் பின்பகுதிச் சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்திருப்பதால், விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளி அங்கே உறிஞ்சப்படும். அயிரைக்கும் இப்படிக் குடலால் மூச்சுவிடும் ஆற்றல் உண்டு. தேளி மீனோ செவுள் அறையிலிருந்து பின்னோக்கி நீளும் காற்றுப் பைகளால் சுவாசிக்கும்.

*மணலில் புதைதல்.* அயிரை அஞ்சும்போது மணலுக்குள் நுழைந்து கண்களை மட்டும் வெளியே வைக்கும். ஆரால் மூக்கு நுனியை நீட்டிக்கொண்டு பகல் முழுதும் புதைந்திருக்கும்.

*நிறம் மங்குதல், சொடுக்கு ஒலி.* க்ளவுன் லோச்சுகள் தங்களுக்குள் மூத்தது யாரென்று மோதும்போது உடல் சாம்பல் நிறமாக மாறும், சொடுக்குப் போடுவதுபோல் ஒலி வரும். மோதல் ஓய்ந்ததும் நிறம் திரும்பிவிடும்.

*மழைக்கால ஓட்டம்.* காற்றழுத்தம் குறைந்து மழை நெருங்கும்போது கிழக்காசியாவின் வெதர் லோச் அமைதியிழந்து சுற்றும். அந்தப் பெயரே அதனால் வந்தது. குளிர்ந்த புது நீர் கலந்ததும் கோரிடோரஸ் ஆண்கள் பெண் மீனைத் துரத்துவது முட்டையிடும் பருவத்தின் அடையாளம்.

எச்சரிக்கைக் குறிகள்

மேற்சொன்ன செயல்களே அளவு மீறும்போது எச்சரிக்கையாகின்றன. கவனிக்க வேண்டியவை மூன்று: எத்தனை மீன்கள் செய்கின்றன, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது.

ஒரு கோரிடோரஸ் எப்போதாவது மேலே பாய்வது இயல்பு. எல்லா மீன்களும் நிமிடத்துக்கு நிமிடம் பாய்ந்தாலோ, மேற்பரப்பிலேயே தங்கினாலோ நீரில் உயிர்வளி குறைந்திருக்கும், அல்லது அம்மோனியாவும் நைட்ரைட்டும் கூடியிருக்கும். உடலைக் கல்லிலும் மணலிலும் திரும்பத் திரும்ப உரசுவது ஒட்டுண்ணிகளாலோ குளோரின் எரிச்சலாலோ நேரும். கண்ணாடியோரம் ஓயாமல் மேலும் கீழுமாக நீந்துவது புதிய தொட்டியிலும், கூட்டமாக வாழ வேண்டிய மீனைத் தனியாக விட்ட தொட்டியிலும் காணப்படும். லோச், கோரிடோரஸ் இரண்டையும் ஆறுக்குக் குறையாமல் வளர்ப்பது நல்லது.

மீசை தேய்ந்து குட்டையானால் தரையைப் பார்க்க வேண்டும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் மணிகள் கூர்முனை கொண்டவை. மீசையால் துழாவி வாழும் மீனுக்கு உருண்டு தேய்ந்த ஆற்று மணலே ஏற்றது. மணல் வழவழப்பாக இருந்தும் மீசை தேய்ந்தால், அடியில் சேர்ந்த கழிவில் பெருகும் கிருமிகளே காரணமாக இருக்கும்.

ஓசூர் மேட்டுநிலத்தின் நீரும் குளிரும்

மார்கழி, தை மாத இரவுகளில் இப்பகுதியின் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்குவது வழக்கம். க்ளவுன் லோச்சுக்கு 25 முதல் 30 டிகிரி வரை வேண்டும். சென்னையில் ஹீட்டர் இல்லாமல் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், கெலமங்கலத்தில் முடியாது. குளிர்ந்த நீரில் மீன் மூலையில் ஒடுங்கி, தீவனம் மறுத்து, துடுப்புகளை உடலோடு ஒட்டிவைக்கும். அடுத்த சில நாட்களில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றலாம். லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டரும், ஒரு வெப்பமானியும் இங்கு அடிப்படைத் தேவைகள்.

உயரத்தால் உயிர்வளியும் சற்றுக் குறையும். 25 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 900 மீட்டர் உயரத்தில் அது 7.4 மில்லிகிராம் அளவே. மீன் நெருக்கமுள்ள தொட்டியில் இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால், இந்தக் குறைவு விரைவில் தெரியும்.

பாறை நிலத்தின் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அம்மோனியாவின் நச்சு இதனால் கூடும். 25 டிகிரியில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம் மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். மென்னீர்ப் பகுதியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு கழிவு இங்கே உயிரைப் பறிக்கலாம். அதற்காக ஒரே நாளில் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றுவதும் தவறு. தாது உப்பு திடீரெனக் குறைந்தால் மீன் அதிர்ச்சிக்குள்ளாகும். சில வாரங்களில், சிறிது சிறிதாகக் கலந்தே மாற்ற வேண்டும். போர் தண்ணீரை ஒரு நாள் ஏர் பம்ப் ஓட்டி வைத்த பிறகே ஊற்ற வேண்டும். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் போன்ற சுத்திகரித்த நீரில் குளோரின் இருக்கும் என்பதால், அதை நீக்கும் மருந்து கலப்பது அவசியம்.

கண்டறிதலும் சிகிச்சையும்

நடத்தை மாறியதும் மருந்துப் புட்டியைத் தேடுவது பலரும் செய்யும் பிழை. முதலில் வெப்பநிலை, பிறகு அம்மோனியா, நைட்ரைட், பி.எச். ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முதிர்ந்த தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே வெப்பநிலையுள்ள நீரால் கால் பங்கை மாற்றி, தீவனத்தை நிறுத்தி, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டி நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர், அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணம் தோலுக்கு அடியில் வளரும் ஓர் ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும் நிலையில் மருந்து அதை எட்டாது, நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில்தான் கொல்ல முடியும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும். லோச் வகைகளின் செதில்கள் மிக நுண்ணியவை. செம்பு, ஃபார்மலின், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் அவற்றை எளிதில் பாதிக்கும். பாதி அளவில் தொடங்கிக் கவனிப்பதே பாதுகாப்பு. வெப்பத்தை மெதுவாக 30 டிகிரிக்கு உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும். சூடான நீர் உயிர்வளியைக் குறைவாகவே தாங்கும் என்பதால் ஏர் ஸ்டோனும் சேர்க்க வேண்டும்.

லோச்சைப் பிடிக்கும்போது வலையைத் தவிர்ப்பது நலம். கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் முள் விரிந்து வலையில் சிக்கிக்கொள்ளும். அகன்ற டப்பாவில் நீரோடு முகர்ந்தெடுக்கலாம்.

தொட்டிக்கு அப்பால்

நடத்தைக் கோளாறாகத் தோன்றும் சிலவற்றுக்கு இட நெருக்கடியே காரணம். விரல் நீளத்தில் வாங்கும் டேங்க் கிளீனர் நாற்பது சென்டிமீட்டர் வரை வளரும். பாசி போதாமல் பசித்தால் மற்ற மீன்களின் உடலில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும், இரவில் செடிகளையும் கற்களையும் புரட்டும். அந்நிலையில் பலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இப்படிப் பரவிய இந்த மீன் கரைகளில் வளை தோண்டுகிறது, உள்ளூர் மீன்களின் உணவைப் பறிக்கிறது, முள் துடுப்பால் மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. தென்பெண்ணையிலோ கெலவரப்பள்ளி அணையிலோ ஊர் ஏரியிலோ தொட்டி மீன் எதையும் விடக் கூடாது. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.