முதுமையும் உடற்பயிற்சியும்: ஓர் அறிவியல் வரலாறு

இரும்பு துருப்பிடிப்பதைப் போல உடலும் உயிர்வளியால் தேய்கிறதா? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

உயிர்வளியைப் பயன்படுத்தும்போது உடலில் 'ஃபிரீ ரேடிக்கல்' என்னும் நிலையற்ற துகள்கள் தோன்றுகின்றன. அவையே உயிரணுக்களைச் சிதைத்து முதுமையைக் கொணர்கின்றன என்று 1956-ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். 1969-இல் மெக்கோர்டும் ஃபிரிடோவிச்சும், அத்துகள்களுள் ஒன்றை அடக்கும் நொதி உடலிலேயே இருப்பதைக் காட்டினர்.

1982-இல் புதிய சிக்கல் எழுந்தது. களைத்து விழும்வரை ஓடிய எலிகளின் தசைகளில் இத்துகள்கள் இரண்டு, மூன்று மடங்காகப் பெருகியதை அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் கண்டனர். அப்படியெனில் உடற்பயிற்சி தீங்கானதா?

2009-இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினரின் ஆய்வு விடையளித்தது. நான்கு வாரம் பயிற்சி செய்த இளைஞர்களுள், வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை உண்ணாதவர்களுக்கே இன்சுலினின் செயல்திறன் உயர்ந்தது; உடலின் தற்காப்பு நொதிகளும் வலுப்பெற்றன. பயிற்சி தரும் சிறு அழுத்தமே உடலுக்குப் பாடம். மாத்திரை அப்பாடத்தைத் தடுத்துவிட்டது.

எங்கள் ஆசிரியர் அறையில் சத்து மாத்திரைப் புட்டிகள் பெருகுகின்றன; மாலையில் பள்ளித் திடலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. மருத்துவர் தந்த மருந்தை விடவேண்டா. ஆயினும், நாற்பதைக் கடந்த நாம் நாள்தோறும் அத்திடலைச் சுற்றி நடக்கலாமே! சிந்திப்போம், செயல்படுவோம்.