வற்கடமும் திருவருளும்

மழை பொய்த்து, ஆறு வறண்டு, நாளைய உணவுக்கு வழி இன்னதென்று தெரியாத நாளில்தான் இறைவனை நம்புதல் என்னும் சொல்லின் மாற்று உரைத்துப் பார்க்கப்படுகிறது. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலத்தில் திருவருளைப் பாடுவது எளிது. கலம் வெறுமையாயிருக்கும்போது பாடுவது அரிது. தமிழகம் பஞ்சங்களைப் பலமுறை கண்ட நாடு. அப்பஞ்சங்களின் நடுவே வாழ்ந்த அருளாளர்களும் புலவர்களும் 'இறைவன் காப்பான்' என்னும் நம்பிக்கையை எவ்வடிவில் போற்றினர் என்பதை இலக்கிய வரலாற்றின் வழியே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். தமிழ் மரபில் அந்நம்பிக்கை கைகட்டிக் காத்திருக்கும் நம்பிக்கை அன்று. அருள் எங்கிருந்து வந்தாலும் அதனைப் பசித்தவர் வாய்வரை கொண்டு சேர்க்க ஒரு கை வேண்டும் என்பதை அம்மரபு மறந்ததே இல்லை.

அலகிட்ட கை

இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு புலவருலகம் நன்கறிந்தது. பாண்டிய நாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் நேர்ந்தது. தன்னை அண்டியிருந்த புலவர்களைப் புரக்க இயலாத மன்னன், அவரவர்க்குத் தெரிந்த நாடுகளுக்குச் சென்று பிழைத்திருக்குமாறும், நாடு மீண்டும் நாடானபோது தன்னை நினைந்து திரும்பி வருமாறும் கூறி விடை கொடுத்தான். மழை பெய்து வளம் திரும்பியபின் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லோர் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லோர் ஒருவரும் கிடைத்திலர். பொருளதிகாரம் பெறாதபோது ஏனையவற்றைப் பெற்றும் பயனில்லை என்று மன்னன் கவன்றான். அவன் கவலை தீர ஆலவாய்ப் பெருமான் 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின்கீழ் இட்டான் என்பது அவ்வரலாறு.

இதனை நிகழ்ந்த செய்தியாகக் கொள்ளாமல் மரபுக் கதையாகவே கொள்ளினும், அதில் ஒரு நுட்பம் உண்டு. இறைவன் நூலை மன்னன் கையில் நேரே கொடுத்துவிடவில்லை. கோயிலைத் தூய்மை செய்யும் ஒருவர், அதற்கு முன் என்றும் பீடத்தின்கீழ் அலகிடாதவர், அன்று அலகிட வேண்டுமென்ற உள்ளக் குறிப்புத் தோன்ற, அலகை உள்ளே செலுத்தினார், ஏடுகள் வெளிப்பட்டன. அருள் பீடத்தின்கீழ் கிடந்தது. அது வெளிப்பட, பெயர்கூடக் குறிக்கப்படாத ஒரு தொண்டரின் துடைப்பம் தேவைப்பட்டது.

வாசி இல்லாக் காசு

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது அங்கே பஞ்சம் வந்துற்றதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துரைக்கிறார். அடியவர்கள் பசியால் வாடுவது கண்டு இருவரும் வருந்தினர். இறைவன் அவர்தம் கனவில் தோன்றினான். காலத்தின் கேட்டினால் அவ்விருவர் கருத்தில் வாட்டம் இல்லை எனினும், அவர்களை வந்தடைந்தோரின் வாட்டம் தீரப் பொற்காசு அளிப்பதாகக் கூறினான் என்பது சேக்கிழார் தரும் செய்தி. கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தர்க்கும் மேற்குப் பீடத்தில் நாவுக்கரசர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைத்தது. அக்காசுகளைக் கொண்டு இருவர் மடங்களிலும் அடியவர்க்கு அமுதளிக்கப்பட்டது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. நம்பிக்கையால் அவ்விருவரும் தம் பொருட்டு ஒன்றும் பெறவில்லை; பெற்றது பிறர் பொருட்டு.

கதை அத்துடன் நிற்கவில்லை. நாவுக்கரசர் மடத்தில் உணவு உரிய பொழுதில் ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் காலந்தாழ்ந்தது. காரணம் வினவியபோது, சம்பந்தர்க்குக் கிடைத்த காசுக்குக் கடைவீதியில் வணிகர் வாசி, அதாவது வட்டம், கேட்பதாக அடுக்களைப் பணியாளர் கூறினர். நாவுக்கரசரின் காசுக்கு அவ்வாறு கேட்பாரில்லை. உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களில் கைத்தொண்டு செய்பவர் நாவுக்கரசர். அவர் பெற்ற காசு வாசியின்றி அமைந்ததற்கு அக்கைத்தொண்டே காரணம் என்று பெரிய புராணம் உணர்த்துகிறது. பின்னர்ச் சம்பந்தர் இறைவனை வேண்டிப் பதிகம் பாட, அவர் காசும் வாசி நீங்கியது.

இப்பகுதியைக் காசுக் கணக்காகக் கொள்ளாமல் கருத்தாகக் கொள்ளின், இதனினும் தெளிவாக அருளையும் உழைப்பையும் இணைத்துக் காட்டிய இடம் அரிது. உழைத்துக் காய்த்த கையில் விழும் அருள் குறையாமல் செல்லுபடியாகிறது என்பதே அதன் பொருள்.

அணையாத அடுப்பு

இதே நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் ஒரு நிறுவனமாக வடிவெடுத்தது. 1823இல் மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகள், 1867ஆம் ஆண்டு மே மாதத்தில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தால் நலிந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. சாதி, சமயம், ஊர் என எதுவும் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு உணவளிப்பது சாலையின் நெறி. பசித்துன்பத்தை நீக்குதலே வழிபாட்டின் உயிர்நிலை என்பதனை அடிகள் தம் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் விளக்கினார்.

சாலையில் ஒருநாள் அரிசி தீர்ந்துபோயிற்று. மறுநாளைக்கு வழியில்லை என்று பணிசெய்வோர் கவன்று அடிகளிடம் கூறினர். சிறிது நேரம் தியானத்தில் அமர்ந்தெழுந்த அடிகள், நாளை வரும், கவலற்க என்னும் கருத்துப்பட மொழிந்தார். மறுநாள் திருத்துறையூரிலிருந்து அன்பர் ஒருவர் அரிசியும் பிற பண்டங்களும் வண்டிகளில் கொணர்ந்தார் என்று அடிகளின் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். அற்புதம் எனக் கொள்வார் அவ்வாறே கொள்க. வண்டியை ஓட்டி வந்தவரும், நெல்லை விளைத்தவரும், விடியுமுன் எழுந்து உலை வைத்தவரும் மனிதரே என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. கொடுப்போர் கை ஓயாமையே அந்நெருப்பின் வரலாறு.

தாது ஆண்டின் சோதனை

அடிகள் 1874இல் மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக் கொண்டார். அடுத்து வந்தது தாது ஆண்டுப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்த 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம். சென்னை மாகாணத்தில் மட்டும் மடிந்தோர் 30 இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுவர். 1877இல் இந்திய அரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே அளவு என்று குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்து எழுதினார். வானம் செய்த கொடுமையோடு ஆட்சியின் கணக்கும் சேர்ந்துகொண்ட காலம் அது.

அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. முன்சீபாகப் பணியாற்றி விலகியிருந்தவர். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர். பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சும் கீர்த்தனைகளை அவர் இயற்றினார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்னும் பெயரே அவர் எல்லார்க்கும் பொதுவான ஒரு கடவுளை விளித்தார் என்பதைக் காட்டும். பாடிவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். கத்தோலிக்கராகிய அவருடைய அக்கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் இயற்றிய சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். பஞ்சம் மனிதரைப் பிரித்த நாளில், கஞ்சித்தொட்டி இருவேறு சமயத்துப் புலவர்களை ஒன்று சேர்த்தது.

இறைவன் எழுதிய ஓலை

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இறைஞ்சியும் உணவு வாராமல் மடிந்த இலட்சக்கணக்கானோர்க்கு நம்பிக்கை என்ன விடை தரும்? இவ்வினாவைத் தமிழ்ப் புலமை மறைத்து வைக்கவில்லை. சிவகங்கைச் சமஸ்தானத்துப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றி, 1899இல் அச்சேறிய 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' அதனை நகைச்சுவை ததும்ப எழுப்புகிறது. தாது ஆண்டுப் பஞ்சத்தால் நலிந்த மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் சென்று முறையிடுகின்றனர். தம்மால் ஆவதொன்றில்லை என்னும் நிலையில் அப்பெருமான், சிவகங்கை மன்னர் துரைசிங்கரிடம் செல்லுமாறு திருமுகம் எழுதிக் கொடுக்கிறார். இதுவே நூலின் அமைப்பு.

இவ்வமைப்புக்கு முன்னோடி உண்டு. பாணபத்திரர்க்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் ஓலை விடுத்தான் என்பது பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் உள்ள திருமுகப் பாசுரத்தின் வரலாறு. பழைய ஓலையில் இறைவன் கொடுக்க வல்லவனாய் இருந்தும் மனிதன் கையால் கொடுப்பித்தான். புதிய ஓலையிலோ இறைவனே கையறு நிலையில் மனிதனை நாடுகிறான். எள்ளல் கூர்மையானது, எனினும் அதனை நம்பிக்கையின்மை என்று தள்ளுதல் பொருந்தாது. கேட்பான் ஒருவன் உளன் என்று எண்ணுவோரே முறையிடுவர். நெருக்கடியில் இறைவனைக் கடிந்து பேசும் உரிமை அடியார்க்கு உண்டு என்பதைச் சுந்தரர் காலம்தொட்டே தமிழ் ஏற்றுக்கொண்டுள்ளது. இறந்தோரின் பசியை மறைத்துப் பாடப்படும் தோத்திரத்தைவிட, அப்பசியை இறைவன் சந்நிதியிலேயே எடுத்துரைக்கும் எள்ளல் பாட்டு நேர்மையானது.

புலவர்க்குரிய பங்கு

இவ்வைந்து வரலாறுகளிலும் அருள் மனிதன் வழியாகவே இறங்குகிறது. துடைப்பம், உழவாரம், உலை, கஞ்சித்தொட்டி, ஓலை என அதன் கருவிகள் மாறுகின்றன, கை மாறவில்லை. நாளை என்ன ஆகும் என்று அறியாத நிலையில், இன்று செய்யவேண்டியதை அச்சமின்றிச் செய்யும் துணிவை அருளாளர்களுக்கு நம்பிக்கை அளித்தது. வழி முழுவதும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. ஒருநாளுக்கு ஒரு காசே கிடைத்தது. அன்றைய அடுப்புக்கு அது போதியதாயிற்று.

புலவர்க்கும் இதில் பங்குண்டு. வற்கடத்தில் நாடு விட்டுச் சென்றவர்கள் அவர்கள். காசுக்குப் பதிகம் பாடியவர்களும், கொடுத்தவரைப் போற்றியவர்களும், கொடாதவரையும் கடவுளையும் வினவியவர்களும் அவர்களே. மீண்டும் ஒரு வற்கடம் வருமாயின், புலவரிடம் நாடு எதிர்பார்ப்பவை இரண்டு: நடந்ததை மறைக்காமல் சொல்லும் பாட்டு, அப்பாட்டை முடித்தபின் அகப்பை பிடிக்கவும் கூசாத கை.