சர்ட்ஸி தீவின் தக்காளிச் செடி

விதைக்காத இடத்தில் தக்காளி முளைத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு குச்சியை ஊன்றி, 'காய்த்தால் காய்க்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஐஸ்லாந்துக்கு அருகே தானாக முளைத்த ஒரு தக்காளிச் செடி விஞ்ஞானிகளுக்கே தலைவலி ஆனது!

1963 நவம்பர் 14. ஐஸ்லாந்தின் தெற்குக் கடலில் மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்தவர்கள் தூரத்தில் கரும்புகையைப் பார்த்தார்கள். ஏதோ படகு எரிகிறது என்று நெருங்கினால், கடலுக்கடியில் எரிமலை வெடித்துக் கொண்டிருந்தது. 1967 ஜூன் வரை நீடித்த அந்த வெடிப்பில் ஒரு புதிய தீவே உருவாகிவிட்டது. வடநாட்டுப் புராணத்தில் வரும் சர்ட்டர் என்ற நெருப்பு அரக்கனின் நினைவாக 'சர்ட்ஸி' என்று பெயர் வைத்தார்கள்.

புல் பூண்டு இல்லாத வெறும் நிலம். அதில் உயிர்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை முதல் நாளிலிருந்தே பார்க்கலாம். இந்த வாய்ப்பு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை கிடைக்கும்? அதனால் வெடிப்பு ஓயும் முன்பே, 1965ல், தீவைச் சட்டப்படி பாதுகாத்து ஆராய்ச்சியாளர்களை மட்டும் அனுமதித்தார்கள். அதே ஆண்டு கடற்கரை மணலில் முதல் செடி முளைத்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. காற்றும் கடலும் பறவையும் கொண்டுவரும் விதை வரலாம், மனிதன் கொண்டுவருவது கூடாது. இதுதான் விதி.

பிறகுதான் அந்தத் தக்காளி. கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்க்கும் குளிர்நாட்டில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே எப்படி முளைத்தது? தக்காளி விதை வயிற்றில் செரிக்காமல் வெளியேறும். வந்தவர்களில் யாரோ 'ஒதுங்கிய' இடத்தில்தான் அது முளைத்திருந்தது (சிரிக்க வேண்டாம்!). சிறுவர்கள் சிலர் ஊன்றியதாகச் சொல்லப்படும் உருளைக்கிழங்கும் அங்கே முளைத்தது. இரண்டையும் பிடுங்கி எறிந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கியபின், அவற்றின் எச்சம்தான் மண்ணுக்கு உரமாகி தீவின் ஒரு பகுதியைப் பச்சையாக்கியது. பறவையின் எச்சம் இயற்கை, மனிதனுடையது அசுத்தமா? கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடுங்கியதே சரி. அந்தத் தக்காளி எப்படியும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. ஆனால் ஒன்றை விட்டுவைத்தால், அடுத்து முளைக்கும் எந்தச் செடியையும் 'தானாக வந்தது' என்று யார் நம்புவார்கள்?

2008ல் யுனெஸ்கோ சர்ட்ஸியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அங்கே போகிறவர்கள், ஒரு விதைகூட ஒட்டிக்கொண்டு வரவில்லையா என்று தங்களையும் தங்கள் மூட்டைகளையும் சோதித்த பிறகே இறங்குகிறார்கள்.