நெவர்லாண்டைத் தொலைத்த கதை

அநாதை இல்லம் எண்டு நம்பி வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் அரக்கர்களுக்கு இரையாக வளர்க்கப்படுறதைக் கண்டுபிடிக்கினம். 'த பிராமிஸ்ட் நெவர்லாண்ட்' இந்த ஒரு வரியிலேயே எங்களைப் பிடிச்சுப்போட்டுது.

கையு ஷிராய் எழுத, பொசுக்கா தெமிசு வரைந்த இந்த மங்கா 2016 தொடக்கம் 2020 வரை ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 181 அத்தியாயங்களாக வந்தது. குளோவர்வேர்க்ஸ் நிறுவனம் 2019இல் எடுத்த முதல் சீசனின் 12 பகுதிகளும் முதல் 37 அத்தியாயங்களுக்குள்ளேயே நின்றன. அவசரமில்லை. அதனாலதான் இசபெல்லாவின் காலடிச் சத்தத்துக்கே நாங்கள் மூச்சடக்கினோம்.

2021இல் இரண்டாம் சீசன். மிச்சக் கதை முழுவதுக்கும் 11 பகுதிகள்! கோல்டி பொண்ட் வேட்டைக்களம் அடியோடு காணாமல் போனது, யூகோவும் இல்லை. (மங்கா வாசிச்ச ஆக்களிட்ட யூகோ எண்டு சொல்லிப் பாருங்கோ.) அதைக்கூடப் பொறுக்கலாம். அரக்க இனத்தையே அழிக்க நினைக்கிற நோர்மனுக்கும், அதுகளும் பசிக்குத்தானே தின்னுதுகள் எண்டு தடுக்கிற எம்மாவுக்கும் இடையிலான வழக்குத்தான் கதையின் உயிர். அது சில பகுதிகளிலேயே சமாதானமாகிப் போச்சுது. எம்மாவின் மீதிப் பயணம் கடைசியில் சில நிமிடப் படத்தொகுப்பாக ஓடி மறைந்தது.

அந்தக் கடைசிப் பகுதியின் பெயர்ப்பட்டியலில் எழுதியவர் பெயரே இல்லை.