நாகப்பட்டினக் கடற்போரும் மேசைப் போர் விளையாட்டும்

மேசைப் போர் விளையாட்டு என்பது, வரலாற்றில் நடந்த ஒரு போரைச் சிறு உருவங்கள், அளவுகோல், பகடை ஆகியவற்றைக் கொண்டு மேசைமீது மீண்டும் நடத்திப் பார்ப்பதாகும். பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விதிகள் இதற்கு முன்னோடி. அவை தரைப்போருக்கு உரியவை. அவற்றைக் கடலுக்கு ஏற்ப மாற்றும்போது எவற்றையெல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதற்கு, 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே கடலில் நடந்த போர் நல்ல எடுத்துக்காட்டு.

அன்று ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸிடம் 11 போர்க்கப்பல்கள் இருந்தன. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 12 இருந்தன. ஆனால் முதல்நாள் வீசிய சூறைக்காற்றில் பாய்மரம் முறிந்த ஒரு பிரெஞ்சுக் கப்பல் போரில் கலந்துகொள்ளவில்லை. ஆகவே 11க்கு 11. வெறும் எண்ணிக்கையையும் பீரங்கியையும் மட்டும் பார்க்கும் விதிகளில் இது சமமான ஆட்டமாகவே முடியும்.

தரையில் ஒரு படைப்பிரிவு நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்த பக்கம் திரும்பும். பாய்மரக் கப்பலுக்கு அந்த உரிமை இல்லை. காற்று வரும் திசையை நோக்கி அது நேராகச் செல்ல முடியாது. சுமார் 67 பாகையாவது விலகித்தான் செல்ல வேண்டும். இதனால் பாய்மரப் போர் விளையாட்டுகளில் அறுகோணக் கட்டங்கள் வசதியானவை. காற்றுக்கு எதிரான ஒரு திசையை மூடிவிட்டு, மற்ற ஐந்து திசைகளுக்கும் வெவ்வேறு வேகம் தந்துவிடலாம். பீரங்கிகளும் பக்கவாட்டில்தான் இருந்தன. எதிரியின் பின்புறத்துக்குக் குறுக்கே சென்று சுட்டால், குண்டு கப்பலின் நீளம் முழுவதும் பாய்ந்து பெருஞ்சேதம் விளைவிக்கும். அதற்குத் தனி மதிப்பெண் வேண்டும்.

1898இல் ஃபிரெட் ஜேன் வெளியிட்ட புகழ்பெற்ற கடற்போர் விளையாட்டு இங்கே அதிகம் உதவாது. அது நீராவிக் கப்பல்களின் காலத்தது. அதற்குக் காற்று ஒரு பொருட்டல்ல.

நாகப்பட்டினத்தில் காற்றுதான் எல்லாம். காலையில் தென்மேற்கிலிருந்து வீசிய காற்றைத் தன் பக்கம் வைத்திருந்த ஹியூஸ் தாக்கத் தொடங்கினார். இரு அணிகளும் வரிசையாகச் சென்றபடி சுட்டுக்கொண்டிருந்தபோது, பகல் ஒரு மணி அளவில் காற்று திடீரெனத் தென்தென்கிழக்குக்கு மாறியது. இரண்டு வரிசைகளும் குலைந்தன. பகடையை உருட்டிக் காற்றை மாற்றும் விதி இல்லாத விளையாட்டில் இந்தப் போர் நடக்கவே நடக்காது.

அந்தக் குழப்பத்தில் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைவதற்காகக் கொடியை இறக்கினார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் அதை ஏற்காமல் மீண்டும் சுடத் தொடங்கினர். ஆகவே மன உறுதிக்கும் ஒரு பகடை வேண்டும்.

இதைவிடக் கடினமானது கட்டளை. சுஃப்ரேனின் கப்பல் தலைவர்களில் பலர் அவர் எண்ணியபடி நடந்துகொள்ளவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு இருந்த பெரிய குறை இதுதான். ஒரே ஆட்டக்காரர் பன்னிரண்டு கப்பல்களையும் தம் கையால் நகர்த்தினால் சுஃப்ரேன் எளிதாக வென்றுவிடுவார். அது வரலாறு அல்ல. கப்பலுக்கு ஒருவராக ஆட்களைப் பிரித்து, பேச்சைத் தடுத்து, சில கொடிச் சைகைகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். வகுப்பறையில் இதை நடத்திப் பார்த்தால், சைகையைத் தவறாகப் படிப்பது எவ்வளவு இயல்பு என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

வெற்றியைக் கணக்கிடுவதும் எளிதல்ல. ஆங்கிலேயர் 77 பேரும் பிரெஞ்சுக்காரர் 178 பேரும் இறந்தனர். கப்பல் எதுவும் பிடிபடவில்லை. நாகப்பட்டினத்தைக் கைப்பற்ற வந்த சுஃப்ரேனின் நோக்கம் நிறைவேறாததால், ஊருக்கு மதிப்பெண் வைத்தால் ஹியூஸ் வென்றவர். ஆனால் ஆட்டத்தை அன்று மாலையோடு நிறுத்தாமல் அடுத்த இரு மாதங்களுக்கு நீட்டினால் கணக்கு மாறும். சுஃப்ரேன் கடலூரில் கப்பல்களை விரைந்து பழுதுபார்த்துக்கொண்டு தெற்கே சென்றார். ஹியூஸ் செப்டம்பர் தொடக்கத்தில் திருகோணமலையை அடைந்தபோது, அந்தத் துறைமுகக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.