வேளைக் கீரையும் சங்ககால எளிய அடிசிலும்

பண்டைத் தமிழரின் உணவினைப் பற்றி எழுதப் புகுவோர், ஊன்சோறும் நெய்யும் தேறலும் நிறைந்த விருந்துகளையே பெரும்பாலும் முதற்கண் எடுத்து மொழிவர். ஆற்றுப்படை நூல்கள் வள்ளல்களின் விருந்தோம்பலை விரித்துரைத்தலின் இஃது இயல்பே. ஆயினும், ஒரு நாட்டு மக்களின் அன்றாட வாழ்வினை அறிதற்கு, விருந்து நாளின் அடிசிலினும் விருந்தில்லா நாளின் அடிசிலே சிறந்த கருவியாகும். இரண்டு மூன்று பொருள்களைக் கொண்டு இல்லத்தே எளிதின் ஆக்கப்பட்ட உணவினைச் சங்கச் சான்றோர் எங்ஙனம் கண்டனர் என்பதை ஒரு செடியின் வழியாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அச்செடி வேளை.

பொருள் குறைந்த உணவு வறியோர் உணவு என்றும், பொருள் மிகுந்த உணவு செல்வர் உணவு என்றும் பகுத்துக் கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. வேளை இடம்பெறும் பாடல்களை ஒருங்கு வைத்து நோக்கின் இப்பகுப்பு நில்லாது என்பது புலனாகும்.

செடியும் இயல்பும்

இந்நாளில் நல்வேளை, தைவேளை என்னும் பெயர்களால் வழங்கும் சிறு செடியே சங்க நூல்கள் கூறும் வேளை என்பர். செடிநூலார் இதனைக் கிளியோமி கைனாண்ட்ரா என்று குறிப்பர். மஞ்சட்பூப் பூக்கும் நாய்வேளை இதனின் வேறு. புறநானூற்றின் 23, 215 ஆகிய பாடல்கள் இரண்டும் வேளையின் பூவினை வெண்ணிறத்ததாகக் கூறுதலின், நல்வேளை எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இச்செடியை உழுது வித்த வேண்டுவதில்லை. எரு மிக்க நிலத்திலும், வீட்டுப் புறத்துக் குப்பை மேட்டிலும், தரிசிலும் இது தானே முளைக்கும். மக்கள் குடியிருப்பை ஒட்டி வளர்வதும், குடியிருப்பு அழிந்த இடத்தும் எஞ்சி நிற்பதும் இதன் இயல்பு. கல்லாடனார் பாடிய புறம் 23இல், தன் கலையைப் புலிக்கு இழந்த பெண்மான் குட்டியைத் தழுவிக் கொண்டு, ஆளற்ற பாழ்நிலத்தில் வேளைப் பூவினைக் கறிக்கின்றது. துணையிழந்த உயிர்க்கு எஞ்சும் உணவாக வேளை அங்கே நிற்றல் கருதத்தக்கது. பின்னர் இதனை மீண்டும் காண்போம்.

வேளை கடுகின் குடும்பத்திற்கு நெருங்கிய குடும்பத்தது. ஆகலின் அதன் இலையில் ஒருவகைக் காரமும் கைப்பும் உள. இக்கீரையைப் பெரிதும் உண்ணும் கிழக்கு ஆப்பிரிக்க மக்கள், குறிப்பாகக் கென்ய நாட்டார், அதனை வேகவைத்துப் பாலொடு கலந்து கைப்பினைத் தணித்து உண்பர். சங்கப் பாடல்களை விளக்குதற்கு இச்செய்தி பெரிதும் துணை செய்யும். வேளையோடு எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று புலவர் கூறுவன அனைத்தும் சுவை பற்றிய நுட்பமான குறிப்புகள் என்பது இதனால் விளங்கும்.

உப்பின்றி வெந்த கீரை

நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீண்ட பாணன், தன் பழைய வறுமையினை எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு எடுத்துரைக்கின்றான். கூரை வீழ்ந்து, சுவர் கரையான் அரித்துக் கிடக்கும் அட்டில். அதனுள் காளான் பூத்துள்ளது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தாற் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண்டற்கு நாணிக் கதவினை அடைத்து, சுற்றத்தாரோடு கூடி உண்கின்றாள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, உப்பின்மை. வயலும் தோட்டமும் இல்லார்க்கும் கீரை கிட்டும். உப்போ உமணரிடமிருந்து விலைக்கோ பண்டமாற்றுக்கோ பெற வேண்டிய பொருள். ஆகவே உப்பில்லை என்னும் குறிப்பு, மாற்றுதற்கு அவ்வில்லத்தில் ஒன்றுமில்லை என்பதனை உணர்த்துகின்றது. கைப்புடைய இலையை உப்புமின்றி உண்ணும் துன்பமும் அதனுள் அடங்கும்.

இரண்டாவது, நாணத்திற்குக் காரணமானோரை நத்தத்தனார் மடவோர் என்னும் சொல்லாற் சுட்டுவது. மடவோராவார் அறியாதார். வறுமை எவர்க்கும் வரத்தக்கது என்பதை அறியாது பழிப்பவரையே புலவர் இச்சொல்லாற் குறிக்கின்றார் எனல் பொருந்தும். அங்ஙனமாயின் இழிவு கீரையை உண்டாள்பால் இல்லை, கண்டு நகுவார்பாலது. மூன்றாவது, அடைத்த கதவின் உள்ளும் உணவு பகிர்ந்தே உண்ணப்படுதல். புறத்தார்க்கு அடைபட்ட கதவு சுற்றத்தார்க்கு அடைபடவில்லை.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறம் 159இலும் இதனை ஒத்த காட்சி உண்டு. அங்கே புலவரின் மனைவி குப்பைக் கீரையை உப்பும் மோரும் இன்றி நீரில் வேகவைத்துச் சோற்றினை மறந்து உண்கின்றாள். குப்பைக் கீரை என்னும் பெயர் பிற்காலத்தே முளைக்கீரை இனத்ததொரு கீரைக்கு வழங்குதலின், அதனை வேளையே எனத் துணிதல் இயலாது. எனினும் அப்பாடலில் உள்ள ஒரு நுண்குறிப்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அவள் கொய்வது முன்னர்க் கொய்த இடத்திலேயே மீண்டும் கிளைத்த முற்றாத தளிர். செடி தழைக்குமுன் அடுத்த பசி வந்துவிடுகின்றது. ஒரு நாள் வறுமையன்று, பல நாள் தொடர்ந்த வறுமை என்பதைப் புலவர் நாட்கணக்கினாற் கூறாது கீரையின் தளிரினாலேயே கூறிவிட்டார். மோர் இல்லை என்பதனையும் அவர் தனித்துரைத்தலின், உப்பும் மோரும் கீரைக்கு இயல்பாகச் சேர வேண்டியன என்பது அக்கால அடுக்களை வழக்கு எனக் கொள்ளலாம்.

புளியும் எள்ளும்

வேளை அடுத்து இடம்பெறுவது அரசியொருத்தியின் கூற்றில். பூதப்பாண்டியன் இறந்தபின், தீப்புகாது தடுத்த சான்றோரை நோக்கி அவன் தேவி பெருங்கோப்பெண்டு கூறியதாக அமைந்தது புறம் 246. கைம்மை நோற்கும் மகளிரின் உணவினை அவள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றாள்: நீரிலிருந்து கையாற் பிழிந்தெடுத்த சோறு, வெள்ளெள்ளின் துவையல், புளி பெய்து வேகவைத்த வேளை. நெய் இல்லை. இங்ஙனம் உண்டு, பாயின்றிப் பருக்கைக் கல்லிற் கிடக்கும் மகளிருள் தான் ஒருத்தி அல்லள் என்பது அவள் மறுமொழி.

இவ்வுணவில் சோறு, எள், புளி, வேளை என நான்கு பொருள்கள் உள்ளன. கிணைமகளின் உணவில் உள்ளது ஒன்றே. எண்ணிக்கையால் அளப்பின், கைம்மை மகளிரின் உணவு பாணன் இல்லத்து உணவினும் பன்மடங்கு வளமுடையது. சுவையாலும் குறைந்ததன்று, புளி இலையின் கைப்பினைத் தணிக்கும், எள் நெய்ப்பசை தரும். எனினும் அரசி இதனைத் துயரின் எல்லையாகக் காட்டுகின்றாள். ஏன்? இங்கே நெய் கிட்டாமையால் நீங்கவில்லை, விலக்கப்பட்டமையால் நீங்கியது. கிணைமகள் உப்பினைப் பெற்ற அன்றே அவள் உணவு மாறும். நோன்பு மகளிர்க்கோ இல்லம் நிறைய நெய் இருப்பினும் உணவு மாறாது. துணையிழந்த பெண்மான் பாழ்நிலத்திற் கறித்த செடியே, துணையிழந்த பெண்டிரின் இலையிலும் வந்து சேர்கின்றது.

தயிரும் வரகும்

மூன்றாவது இடம் முற்றிலும் வேறுபட்டது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் வாரார் என ஐயுற்ற சான்றோர்க்கு அவன் கூறியது புறம் 215. தன் நண்பர் வாழும் பாண்டி நாட்டை அவன் அந்நாட்டு உணவொன்றினால் அடையாளங் காட்டுகின்றான். எருப் படிந்த தெருவில் தழைத்த வேளையின் வெண்பூவைத் தயிரிற் சேர்த்து, குற்றிய வரகரிசியோடு ஆய்மகள் புளிப்புடைய மிதவை சமைக்கின்றாள்; மிதவையாவது கூழ். அவரை கொய்யும் மக்கள் அதனை வயிறார உண்கின்றனர்.

பொருள்கள் மூன்றே: வரகு, தயிர், வேளைப்பூ. நெல்லரிசி இல்லை, நெய்யும் ஊனும் இல்லை. கைம்மை மகளிரின் உணவினும் எண்ணிக்கையாற் குறைந்தது. ஆயினும் இது வறுமையாகவோ நோன்பாகவோ கூறப்படவில்லை. நாட்டின் நன்மைக்குச் சான்றாகவே கூறப்படுகின்றது. அவளிடம் ஆனிரை உண்டு. ஆதலால் தயிர் உண்டு. ஆதலால் தெருவிற் கிடந்த களைச்செடி விரும்பி உண்ணும் உணவாயிற்று. கைப்பினைப் பாலின் புளிப்பினால் தணிக்கும் முறையினை ஆய்மகள் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தாள். பெரும்பாணாற்றுப்படையிலும் முல்லை நிலத்தார் வரகுச்சோற்றை அவரைப் புழுக்கோடு வழங்குதல் காணப்படுதலின், வரகும் அவரையும் தயிரும் சேர்ந்த இவ்வாழ்வு புலவர் கற்பனையன்று, நிலத்தோடு இயைந்த வழக்கே எனலாம்.

உணவினை அறவே துறந்து உயிர் நீக்க அமர்ந்த வேந்தன், அரசவை விருந்து எதனையும் நினையாது, வேற்று நாட்டு உழைப்பாளர் உண்ணும் புளித்த கூழினை நினைவு கூர்ந்தமை வியப்புக்குரியது. நட்பின் உண்மைக்குச் சான்றாக அவன் கண்டது அவ்வெளிய நிறைவினையே போலும்.

அடைத்த கதவும் திறந்த முற்றமும்

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். எளிய உணவின் பொருளை உறுதி செய்வது அதன்கண் உள்ள பொருள்களின் தொகையன்று. இல்லாத பொருள் எக்காரணத்தால் இல்லை என்பதே. உப்பு கிட்டாமையால் இல்லையெனின் அது வறுமை. நெய் விலக்கினால் இல்லையெனின் அது நோன்பு. வேண்டாமையால் ஒன்று இல்லையெனின் அது நிறைவு. செடி ஒன்றே, நிலைகள் மூன்று.

காண்பார் யாவர் என்பதும் உடன் கருதத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி கொணர்ந்து, நிலவுரலிற் குற்றி, உவர் நீரூற்றி, விளிம்பு உடைந்த பானையை முரிந்த அடுப்பேற்றிச் சமைக்கின்றனர். கருவிகளின் நிலை பாணன் அட்டிலினும் சிறந்ததன்று. ஆயினும் அங்கே நாணமில்லை. அவர்கள் முற்றம் வழிப்போவார்க்குத் திறந்தே உள்ளது. குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி, தயிரைத் தன் விரலாற் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணிற் படிய, புளிப்பாகர் ஒன்றனைச் சமைக்கின்றாள். அதனைக் காண்பாள் செவிலி. அவள் கண்டு மகிழ்ந்து நற்றாய்க்கு உரைக்கின்றாள். கணவன் இனிது என்று கூறி உண்டலே அவ்வுணவின் சிறப்பு. அன்புடையார் காணும்போது விருந்தாகும் எளிய உணவு, அறியாதார் காணும்போது மறைக்கப்படுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வேளையும் குப்பைக் கீரையும் வரும் பாடல்களில் சமைத்தவள் கூற்றாக அமைந்தது ஒன்றுமில்லை. கிணைமகளைப் பற்றிப் பேசுவான் பாணன். புலவரின் மனைவியைப் பற்றிப் பேசுவார் புலவர். நோன்பு மகளிரைப் பற்றிப் பேசுவாள் அந்நோன்பினை மறுத்த அரசி. ஆய்மகளைப் பற்றிப் பேசுவான் உணவினைத் துறந்த அரசன். ஆதலால் ஆய்மகளின் மிதவையை நிறைவின் வடிவம் என நாம் கூறும்போது, அந்நிறைவு வேந்தனின் நோக்கிற்பட்டது என்பதை மறத்தலாகாது. எருத்தெருவிற் குனிந்து பூக்கொய்தவளின் உழைப்பு எளிதாயிருந்ததா என்று அப்பாடல் கூறவில்லை.

முடிவுரை

சிறுபாணாற்றுப்படையின் பிற்பகுதியில் நல்லியக்கோடன் தானே நின்று விருந்தூட்டுகின்றான். அவ்வடிசில் வீமனால் இயற்றப்பட்ட மடைநூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்டது என்பது அந்நூல் தரும் செய்தி. ஆகவே அரண்மனை அடிசிற்கு நூல் ஒன்று உண்டு என்னும் நினைவு அக்காலத்தே இருந்தது. கிணைமகளின் கீரைக்கோ ஆய்மகளின் மிதவைக்கோ நூல் இல்லை. எத்தளிரைக் கிள்ளுவது, கைப்பினை எதனால் தணிப்பது, பழஞ்சோற்றை எங்ஙனம் பிழிவது என்னும் அறிவெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குக் கையினாலேயே சென்றது. 1889இல் பத்துப்பாட்டினையும் 1894இல் புறநானூற்றினையும் உ. வே. சாமிநாதையர் அச்சிற் கொணர்ந்தமையால், அவ்வறிவின் சில துளிகள் பிறர் கூற்றின் இடையே நமக்குக் கிட்டியுள்ளன.

உணவு வரலாறு எழுதுவோர் மடைநூலின் பக்கமே நில்லாது, அடைத்த கதவின் உள்ளும் நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குவார்க்கு, ஓர் இல்லத்தில் உப்பு இருந்ததா என்னும் வினா, அரசன் ஊட்டிய அடிசில் எத்துணை வகை என்னும் வினாவினும் சிறியதன்று என்பது தெளிவாகும்.